இரண்டு மழைக்கு நடுவே ஒரு குவில்ட்: துணி சேர்ப்பதிலிருந்து சுவரில் தொங்கவிடுவது வரை முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. துணியோடு வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஈரக்காற்றில் துவைத்த துணி நாறும், பஞ்சு நீர் கோக்கும், மடித்து வைத்த வெள்ளையில் கரும்புள்ளி விழும். குவில்ட் செய்ய ஆரம்பித்த முதல் இரண்டு ஆண்டுகள் மழையைக் கணக்கில் எடுக்காமல் கிடைத்த நேரத்தில் கிடைத்த வேலையைச் செய்தேன். ஆடியில் துவைத்து, உலர்ந்துவிட்டது என்று நினைத்து மடித்த பின்துணி முழுக்கப் பூஞ்சை பிடித்தது. அதற்குப் பிறகுதான் ஆண்டையே மழைக்குத் தகுந்தபடி பிரித்துக்கொண்டேன். தையில் துணி, பங்குனிக்குள் வரைவு, வைகாசிக்குள் மேல்துணி, சாரல் காலம் முழுக்கக் கைத்தையல், மார்கழியில் கண்காட்சி. ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய குவில்ட்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே பின்துணி. மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். மேல்துணி ஒட்டுத்துணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வங்காளத்துக் காந்தாவில் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டம் (ஓட்டுத்தையல்) போட்டே முடித்துவிடுகிறார்கள். கர்நாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் செய்யும் கவந்தி, ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். நம் பக்கத்திலும் இதற்கு உறவான வேலை இருக்கிறது. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்குப் போனால் தேரில் கட்டியிருக்கும் தொம்பைகளையும் (குழாய்போல் தொங்கும் துணி அலங்காரம்) சீலைகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள். நிறத்துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் கை நமக்குப் புதிதல்ல.

இந்த வழிகாட்டியில் நான் செய்த ஒரு குவில்டையே முதலிலிருந்து கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். மாத்தூர் தொட்டிப் பாலம். அகலம் 60 அங்குலம், உயரம் 40 அங்குலம், சுவரில் தொங்கவிடுவதற்கானது. தையல்காரர்களின் கணக்கிலேயே சொல்கிறேன்: ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் (இங்கே நூல் என்பது அளவு, இழையல்ல).

எதைச் செய்வது

பூக்களையும் மயில்களையும் செய்யலாம், தவறில்லை. ஆனால் ஓர் ஆண்டு முழுக்க மடியில் கிடக்கப் போகிற வேலை. உங்களுக்கு நெருக்கமான ஒன்று இல்லையென்றால் ஆவணிக்குள் கை சலித்துவிடும்.

இந்த மண்ணில் துணியே ஒரு வரலாறு. மேலாடை அணியும் உரிமைக்காக இங்குள்ள பெண்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு அறிக்கை வெளியிட்டு, சில நிபந்தனைகளோடு அந்த உரிமையை ஏற்றது. அதே நூற்றாண்டின் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஊசியும் நூலும் பல வீடுகளில் கூலியைக் கொண்டுவந்தன. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பழந்துணியைக் கையில் எடுத்தால், அதை எப்படிக் குப்பையில் போட முடியும்?

பழைய துணியில் செய்தால் கண்காட்சியில் மதிப்பு கிடைக்காது என்று பலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர்ப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளிலும் சட்டைகளிலும் குவில்ட் தைத்தார்கள். அவை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 2006இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலையாகவும் வெளியிட்டது. முட்டி தேய்ந்த இடம் வெளுத்துப் போயிருக்கும், அந்த வெளுப்பே அழகு.

நான் தொட்டிப் பாலத்தை எடுத்ததற்குக் காரணம் அதன் தூண்கள். திருவட்டாறு பக்கம் பரளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1966இல் கட்டிய பாலம். 115 அடி உயரம், 28 தூண்கள். 28 தூணுக்கும் 28 வீட்டு வேட்டி என்று முடிவு செய்தேன். அந்தத் தண்ணீரில் பயிர் செய்த வீடுகளிலிருந்து, வீட்டுக்கு ஒரு வேட்டி.

தை: துணி கேட்பதும் குறித்து வைப்பதும்

அறுவடையும் பொங்கலும் முடிந்த பின் வீடுகளில் பீரோவைத் திறக்கும் மனநிலை இருக்கும். அப்போது போய்க் கேளுங்கள். கேட்கும்போது ஒரு கேள்வியை விடக் கூடாது: "இதை வெட்டலாமா?"

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடற்கரையூர் ஒன்றில் ஓர் அம்மா தன் மகனின் சாரத்தை (லுங்கியை) என்னிடம் தந்தார். ஏதாவது செய்து தா என்றார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்த பிறகுதான் வெட்டலாமா என்று கேட்கவில்லையே என்று உறைத்தது. மறுநாள் போய்க் கேட்டேன். "வெட்டாத மக்ளே" என்றார். அந்தச் சாரத்தை முழுசாகப் பின்துணியாக வைத்து அதன்மேல் ஒரு சிறிய குவில்ட் செய்தேன். கேட்காமல் வெட்டியிருந்தால் திருப்பித் தைக்க எந்த ஊசியாலும் முடியாது.

ஒரு நோட்டு போடுங்கள். துணியின் எண், தந்தவர், எந்த வேட்டி, எப்போது எடுத்தது, வெட்டலாமா, பெயர் போடலாமா, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டுமா. ஒவ்வொரு துணியின் மூலையிலும் எண் எழுதிய சிறு நாடாவை ஊக்கால் குத்துங்கள். எனக்கு வந்த 28 வேட்டியில் ஒன்றுபோல ஒன்று இல்லை. நீலம் போட்டுப் போட்டு ஊதா சாய்ந்தது, கஞ்சி ஏறிப் பழுப்பானது, தேங்காய் எண்ணெய் வாடை போகாதது, மிளகு வண்டியில் கட்டி ஓரம் மஞ்சளானது. எண் இல்லையென்றால் வெட்டிய பிறகு எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எந்தத் துணி ஆகும்? பருத்தியைத்தான் நம்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இரண்டையும் ஒரே குவில்டில் கலந்தால் சூட்டில் ஒன்று சுருங்கும், ஒன்று நிற்கும். விரலால் இழுத்தால் கிழிகிற அளவு நைந்த துணியைத் தனியாக வைக்க வேண்டாம். பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்து, இரண்டையும் ஒன்றாகவே வெட்டுங்கள்.

துவைப்பும் சாயமும்

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பார்கள். குவில்டில் கசக்குவது வெட்டுவதற்கு முன். புதுப் பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். ஒன்று சுருங்கியது, ஒன்று சுருங்காதது என்று சேர்த்துத் தைத்தால் பிறகு எங்காவது முறுக்கிக்கொள்ளும். ஆகவே கடைத்துணியோ பழந்துணியோ எல்லாவற்றையும் துவைத்து உலர்த்தி எடுங்கள். கடலோரக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், சோப்பு சரியாகப் போகாது. குழாய்த் தண்ணீர் போதும்.

சாயம் போகிறதா என்று பார்க்க, துணியின் மூலையை நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தேய்ப்புப் பெட்டியால் சூடாக அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை மறுபடி துவைத்துச் சோதிக்க வேண்டும். மூன்று முறைக்குப் பிறகும் ஏறினால் ஒதுக்கிவிடுங்கள். அரக்குச் சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் காலைவாரும். கல்லுப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கடையில் வாங்கும் சாயத்துணிக்கு அது உதவாது. நான் நம்பி ஒரு சிவப்பு ஓரத்தைத் தைத்து, வெள்ளைத் தூண்கள் இளஞ்சிவப்பான ஒரு குவில்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது.

வெட்டுவதற்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும். அரிசிக் கஞ்சியை நீர்த்துப் போட்டால் நன்றாக வெட்டும். ஆனால் கஞ்சி, வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. குவில்ட் முடிந்ததும் கஞ்சி முழுக்கப் போகும்படி கழுவியே ஆக வேண்டும் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மாசி, பங்குனி: வரைவும் கணக்கும்

முதலில் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள், பிறகு முழு அளவில் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி அதில் வரையுங்கள். சுவரில் ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே எது கனமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பாலத்துக்கு நான் போட்ட கணக்கு இது. ஒரு தூண் 1 அங்குலம், இரண்டு தூணுக்கு நடுவே பச்சை 1 அங்குலம். 28 தூண், 27 இடைவெளி, ஆக 55 பட்டை, 55 அங்குலம். இரு பக்கமும் இரண்டரை அங்குல ஓரப்பட்டை. மொத்தம் 60. மேலிருந்து கீழே வானம் 8, கால்வாய்த் தொட்டி 3, தூண்கள் 24, ஆறும் மரங்களும் 5. மொத்தம் 40. உண்மையில் தூண்கள் எல்லாம் ஒரே உயரம் இல்லை, குன்றின் சரிவில் ஏறி இறங்கும். அதற்குத் தூணைக் குட்டையாக்க வேண்டாம், மரத்துண்டுகளை மேலே வைத்துத் தைத்து மறைத்தால் போதும்.

குவில்டில் தையலோரம், அதாவது தையலுக்கு வெளியே விடும் துணி, கால் அங்குலம். அது இரண்டு நூல். பட்டையின் இரு பக்கமும் சேர்த்து 4 நூல் கூட்ட வேண்டும். 1 அங்குலத் தூணுக்கு ஒன்றரை அங்குலமாக வெட்டுங்கள். நீளம் 24க்கு இருபத்துநாலரை.

பின்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் அதிகம் இருக்க வேண்டும், ஆக 68க்கு 48. கடையில் 44 அங்குல அகலப் பருத்தி வாங்கினால் இரண்டு துண்டை இணைக்க வேண்டும், சுருக்கத்தையும் சேர்த்து இரண்டே முக்கால் மீட்டர் ஆகும். நாலு முழ வேட்டி இருந்தால் இணைப்பே வேண்டாம். 2 மீட்டர் நீளமும் சுமார் 50 அங்குல அகலமும் இருக்கும். அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஓரம் கட்ட, சுற்றளவு 200 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 கூட்டினால் 212. இரண்டரை அங்குலப் பட்டை ஆறு வெட்டினால் போதும், அரை மீட்டர் துணி.

நடுப் பஞ்சுக்கு இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். தலையணைக்கு அது அருமை. ஆனால் அதன் இழை ஒன்றையொன்று பிடிக்காது, தொங்கவிட்டால் கீழே இறங்கிக் கட்டியாகும். பருத்திப் பஞ்சு ஷீட் கிடைத்தால் நல்லது. பாலியஸ்டர் ஷீட்டும் ஆகும், எடை குறைவு, மழைக்காலத்தில் நீர் கோக்காது. ஆனால் கைத்தையலில் ஊசி வழுக்கும். என் விருப்பம் இதில் இரண்டுமில்லை. தந்த வேட்டிகளின் மிச்சத்தையே பரப்பி, இரண்டு அடுக்காக வைப்பேன். மெல்லியதாக இருக்கும், சுவரில் நேராக விழும்.

சித்திரை, வைகாசி: வெட்டுவதும் சேர்ப்பதும்

உருளைக் கத்தியும் கட்டிங் மேட்டும் இருந்தால் வேலை பாதியாகும். இல்லாதவர்கள் எஃகு அடிக்கோலும் நல்ல கத்தரிக்கோலும் வைத்தே வெட்டலாம். காகிதம் வெட்டிய கத்தரிக்கோலால் துணி வெட்டாதீர்கள்.

மிதிக்கும் பழைய மிஷினே நேர்த் தையலுக்குப் போதும். நான் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன், கரண்ட் போனாலும் நிற்காது. ஊசியிலிருந்து சரியாக இரண்டு நூல் தள்ளி, மிஷின் தகட்டில் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டி ஒரு சின்னச் சுவர் எழுப்புங்கள். துணியின் விளிம்பு அந்தச் சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? முதல் முறை தூண்களைத் தைத்து முடித்து அளந்தபோது 55 அங்குலம் வர வேண்டிய இடத்தில் 52கூட வரவில்லை. எங்கே போயிற்று மூன்று அங்குலம் என்று இரவெல்லாம் யோசித்தேன். கணக்கு எளிது. என் தையலோரம் கால் நூல்தான் அதிகம், கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலில் இரண்டு பக்கமும் கால் நூல் போனால் அரை நூல் போகிறது. 55 பட்டைக்கு 54 தையல். 54 அரை நூல் என்றால் 27 நூல், அதாவது 3 அங்குலம் 3 நூல். எல்லாவற்றையும் பிரித்தேன். நைந்த வேட்டிகளில் பிரிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதலில் வேண்டாத துணியில் ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றை வெட்டிச் சேருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் வந்தால்தான் மேலே போக வேண்டும்.

நீளப் பட்டைகளை எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து தைத்தால் மொத்தமும் வில்போல் வளையும். ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தையுங்கள். முதலில் இரண்டிரண்டாக, பிறகு நாலுநாலாகச் சேருங்கள். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் தேய்ப்புப் பெட்டியை இழுக்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்துங்கள். மடிப்பை நிறம் கூடிய பக்கம் திருப்புங்கள், வெள்ளைக்கு அடியில் பச்சை தெரிந்தால் அழுக்குப்போல் இருக்கும்.

மூன்றையும் சேர்ப்பது

வைகாசி முடிவதற்குள், வெயில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். டைல்ஸ் தரையைத் துடைத்து உலர்த்தி, பின்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். இறுக்கி இழுக்கக் கூடாது, சுருக்கம் போனால் போதும். மேலே பஞ்சு. அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே கையால் தடவிக்கொண்டே போங்கள். பிறகு பெரிய பெரிய நூலோட்டமாக, நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் டாக்கிங் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வரிசை. ஊக்கு குத்தலாம், ஆனால் நம் ஈரக்காற்றில் ஊக்கு துருப்பிடித்துக் கறை விடும். சாரல் காலம் முழுக்கக் கிடக்கப் போகிற வேலைக்கு நூல்தான் பாதுகாப்பு.

ஆனி முதல் ஆவணி வரை: கைத்தையல்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும், மேற்கே மழை பிடிக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கிற காலம் இது. இந்த மூன்று மாதம்தான் எனக்கு ஆண்டிலேயே பிடித்த காலம்.

ஊசி குட்டையாக இருக்க வேண்டும். பிட்வீன்ஸ் என்ற பெயரில் வரும், 8ஆம் எண்ணில் ஆரம்பிக்கலாம். எண் கூடக்கூட ஊசி சிறியதாகும். நூல் ஒரு முழத்துக்கு மேல் கோர்க்காதீர்கள், சிக்கும். முடிச்சை வெளியே விடக் கூடாது. மேல்துணியில் குத்தி, சின்னதாகச் சுண்டி இழுத்தால் முடிச்சு 'டப்' என்று உள்ளே போய்ப் பஞ்சில் ஒளிந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும் வரை பழகுங்கள். நடுவிரலில் அங்குஸ்தான் என்ற விரலுறை, கீழே இடது கைவிரல். ஊசிமுனை அந்த விரலைத் தொட்டதும் திரும்பி மேலே வர வேண்டும். முதலில் அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் வந்தால் போதும். சிறியதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பது முக்கியம்.

கோடு வரைய, தேய்ந்த சோப்பின் மெல்லிய துண்டு போல் வேறில்லை. தண்ணீரில் போகும் நீலப் பேனாவும் ஆகும். ஆனால் கோட்டை நீரால் எடுப்பதற்கு முன் அதன்மேல் தேய்ப்புப் பெட்டி பட்டால் நிலைத்துவிடும்.

நடுவில் தொடங்கி வெளியே போங்கள். பாலத்தில் தூண்களின் தையலோரத்தை ஒட்டியே நேர்க்கோடு போட்டேன். வானத்துக்கு அலையலையாக. தண்ணீர் போகும் தொட்டிக்கு மட்டும் நெருக்கமாக, மூன்று அங்குல உயரத்தில் பன்னிரண்டு வரிசை. நெருங்கத் தைத்த இடம் அமுங்கும், விட்ட இடம் உப்பும். குவில்டில் நிழல் விழுவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

வேலை முடிந்த ஒவ்வொரு இரவும் பழைய வேட்டியில் சுற்றி, தரையில் வைக்காமல் கட்டிலில் வையுங்கள். பாலித்தீனில் மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும்.

புரட்டாசி: ஓரம், உறை, சீட்டு

இரண்டு மழைக்கும் நடுவே வெயில் எட்டிப்பார்க்கும் நாள்கள். முதலில் டாக்கிங்கைப் பிரித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி நீரை எடுத்து, தரையில் விரித்துச் சதுரம் பாருங்கள். 60க்கு 40 என்றால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 72 அங்குலம் 1 நூல் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் ஈரமாக இருக்கும்போதே இழுத்துச் சரிசெய்து, குண்டூசி குத்தி அப்படியே உலர விடுங்கள். உலர்ந்தபின் அதிகப்படியை வெட்டி ஓரம் கட்டுங்கள். ஓரப்பட்டையை இரண்டாக மடித்து, முன்பக்கம் மிஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்யுங்கள்.

கம்பி நுழைத்துத் தொங்கவிடும் உறையைப் பலர் கடைசியில் அவசரமாகத் தைக்கிறார்கள். பெரும்பாலான கண்காட்சிகள் 4 அங்குல உறை கேட்கும். எட்டரை அங்குல அகலம், குவில்டைவிட 2 அங்குலம் குறைந்த நீளம், அதாவது 58. மடித்துக் குழாயாக்கி, மேல் ஓரத்துக்குச் சற்றுக் கீழே பின்துணியிலும் பஞ்சிலும் மட்டும் பிடிக்கும்படி கையால் தையுங்கள். கீழ் விளிம்பைத் தைக்கும்போது உறையை நாலு நூல் தளர்த்தி விடுங்கள். இல்லையென்றால் கம்பி நுழைந்ததும் முன்பக்கம் ஒரு கோடு துருத்தும். கம்பிக்கு அலுமினியப் பட்டை வாங்குங்கள். பிளாஸ்டிக் பைப் ஐந்தடிக்கு நடுவில் தொங்கிவிடும்.

பின்பக்கம் மூலையில் ஒரு சீட்டு: பெயர், ஊர், ஆண்டு, துணி எங்கிருந்து வந்தது, எப்படிக் கழுவ வேண்டும். நூலால் எழுதினால் இன்னும் நல்லது. பாலத்துக்கு, 28 தூணையும் கோடாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன்.

படமும் விண்ணப்பமும் விலையும்

படம் எடுக்க மேகமூட்டமான பகல் நல்லது, நிழல் விழாது. காற்றடிக்காத திண்ணையில், குவில்டின் நடுவுக்கு நேராகக் கேமராவை வைத்து, நான்கு ஓரமும் தெரியும்படி ஒன்று, தையல் தெரியும் நெருக்கப் படம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. போனில் நிறத்தைக் கூட்டும் வேலை வேண்டாம். நேரில் பார்க்கிறவர் ஏமாறக் கூடாது.

விண்ணப்பத்தில் அகலத்தை முதலிலும் உயரத்தை அடுத்தும் எழுதுங்கள், அங்குலமா செ.மீ.யா என்று பாருங்கள். சென்னையில் 2019 ஜனவரியில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவிலும் லலித் கலா அகாடமியின் சென்னை மையத்திலும் கலைக்கூடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்ப்பவர்களுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் ஆண்டுதோறும் பெரிய விழா உண்டு. காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவர, ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணம் இருக்கிறது, இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு வழங்குகிறது.

விலையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் நோட்டில் மணிக்கணக்கு இருக்க வேண்டும். 210 மணி நேரம், மணிக்கு 100 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 21,000. பொருள் 4,000. ஆக 25,000. அரங்கு 30 சதவீதம் எடுப்பதாக இருந்தால் 25,000ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும், சுமார் 35,700. 25,000இல் 30 சதவீதத்தை அதனோடு கூட்டினால் 32,500தான் வரும், நட்டம் உங்களுக்கு. விற்கக் கூடாததை 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிவிடுங்கள்.

மார்கழி: சுவரில்

என் கருத்து ஒன்றைப் பிடிவாதமாகவே சொல்கிறேன். துணி வந்த ஊரிலேயே முதலில் காட்டுங்கள். சென்னை பிறகு. நூலக அறை, பள்ளி வகுப்பறை, ஊர்ச் சமூகக்கூடம், எதுவானாலும் சரி. சன்னல் வெயில் நேராக விழாத சுவர் வேண்டும். அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கின்றன, நன்றாக மங்கலான அறை அது. அந்த அளவுக்கு முடியாவிட்டாலும் டியூப் லைட்டை நேராகத் திருப்பாதீர்கள். குவில்டின் நடு, பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து சுமார் ஐந்தடியில் வர வேண்டும். பின்பக்கமும் பார்க்க வேண்டியதானால் சுவரில் மாட்டாமல் உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கவிடுங்கள்.

வருகிறவர்கள் தொடுவார்கள். துணியைத் தொடாதே என்று நம் ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதே துணியில், அதே தையலில் ஒரு சாண் அளவுக்கு இன்னொரு துண்டு செய்து பக்கத்து மேசையில் வையுங்கள். அதைத் தொடட்டும், திருப்பிப் பார்க்கட்டும்.

பாலத்தை வைத்த அன்று காலையில் ஓர் ஆச்சி பேரனோடு வந்தார். நேராகக் குவில்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"மக்ளே, எங்க வீட்டுத் தூணு எது?"

நோட்டைப் பார்த்து, "இடத்தேயிருந்து பதினேழாவது, ஆச்சி" என்றேன்.

பேரன் எண்ணிக் காட்டினான். ஆச்சி அந்தத் தூணை மட்டும், ஒரு அங்குல அகலத்தை, மேலிருந்து கீழே விரல் வைத்துத் தடவினார். அதன் பாதியில் ஒரு சின்ன மஞ்சள் கறை இருந்தது. நான் கழுவிப் பார்த்தும் போகாதது. "இது வாழைக்கறையாக்கும்" என்றார். நான் தடுக்கவில்லை. தொடும் துண்டு அன்று மேசையிலேயே கிடந்தது.

கூடத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். எண் வரைபடத்தைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், தங்கள் துணியைத் தேடித்தான் பாதிப் பேர் வருவார்கள்.

இறக்கிய பிறகு

இறக்கிய அன்றே மடிக்காதீர்கள். நிழலில் அரை நாள் விரித்து, தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பெரிய குவில்டை அட்டைக் குழாயில் துவைத்த வேட்டியைச் சுற்றி, அதன்மேல் முன்பக்கம் வெளியே இருக்கும்படி உருட்டுங்கள். நாஃப்தலீன் உருண்டை துணியில் படக் கூடாது. காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி, துணியில் படாமல் வைக்கலாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை நோட்டைப் பார்த்து அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுங்கள்.

உருட்ட இடமில்லாத சிறிய குவில்டை மடிக்கலாம். ஆனால் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் நூல் நைந்துபோகும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு மழைக்கும் பிறகு, பிரித்துக் காற்றாட விட்டு வேறு இடத்தில் மடிக்க வேண்டும். ஒக்கிக்குப் பிறகு செய்த அந்தச் சாரக் குவில்டை நான் விற்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் அந்த அம்மாவிடமே கொடுத்தேன். சாரம் வெளியே தெரியும்படி மடித்துப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். புரட்டாசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை நான் போவேன். இரண்டு பேருமாக அதைப் பிரித்துத் திண்ணையில் விரிப்போம். வெயில் சாய்ந்ததும் மடிப்பை ஒரு கை அளவு தள்ளி, மறுபடி சாரம் வெளியே வரும்படி மடித்து வைத்துவிட்டு வருவேன்.